அலுவலகமும் சொல்வன்மையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் தவறாமல் கூடி, கவிதை படித்தும் கேட்டும், பாராட்டியும் கடிந்தும் வளர்ந்திருக்கும் வட்டம் இது. இவ்விழாவில் ‘பணியிடத்தில் பேச்சும் எழுத்தும்: பயிற்சியின் தேவை’ என்னும் பொருளில் பேசப் போகிறேன் என்றதும், “இது மேலாண்மைக் கல்லூரியில் பேச வேண்டிய பொருள் அன்றோ?” என்று நண்பர் ஒருவர் வாயிலிலேயே கேட்டார். அவருக்கு விடை சொல்வதே இந்த உரையாகட்டும். நம் வட்டத்தில் இருப்போரை எண்ணிப் பாருங்கள். வருவாய்த் துறையில் இருவர், மின் வாரியத்தில் ஒருவர், வங்கியில் மூவர், ஆசிரியர் பலர். மாலையில் கவிஞர்களாக இருக்கும் நாம் பகலில் அலுவலர்களாக இருக்கிறோம். மாலைத் தமிழில் ஒரு சொல் பிழைபட்டால் இங்கே எழுந்து நின்று வாதிடுகிறோம். பகல் தமிழைப் பற்றி நாம் வாய் திறந்ததில்லை.

வள்ளுவர் அப்படி விடவில்லை. இனியவை கூறல், பயனில சொல்லாமை ஆகியவற்றை அறத்துப்பாலில் மாந்தர் அனைவர்க்கும் உரிய ஒழுக்கமாக வைத்தார். சொல்வன்மையை அங்கே வைக்கவில்லை. பொருட்பாலில், அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தார். அவையறிதலும், அவையஞ்சாமையும், தூதும் அவ்விடத்தைச் சூழ்ந்தே வருகின்றன. பொறுப்பில் இருப்பவன் ஈட்டிக்கொள்ள வேண்டிய தொழில் திறனாகவே அவர் பேச்சைக் கண்டார் என்பது இதனால் விளங்கும். குறிப்பறிதல் என்னும் தலைப்பில் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. காமத்துப்பாலில் உள்ளதைக் கவிஞர்கள் நன்கறிவீர்கள். பொருட்பாலில் உள்ள மற்றொன்றை நாம் அவ்வளவாகப் புரட்டுவதில்லை. இன்று என் பேச்சு அந்த மற்றொன்றைச் சார்ந்தது.

ஒரு கடிதம்

என் தந்தையார் மறைந்தபின் என் தாயார் குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்தார். அவர் சொந்த ஊரில் இருந்தார். நான் பணி காரணமாக வேறு ஊரில் இருந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்; வார இதழ்களின் தொடர்கதைகளை ஒரு வரி விடாமல் படிப்பவர். அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டா. அதன் வாசகம் ஏறத்தாழ இது:

“பார்வையில் காணும் தங்களது விண்ணப்பம் உரிய இணைப்புகளின்றிப் பெறப்பட்டுள்ளமையால் மேல்நடவடிக்கை தொடர இயலாத நிலையில் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.”

அவ்வளவுதான். கீழே ஒரு கையொப்பம்.

தாயார் அதில் ‘இயலாத’ என்ற சொல்லையும் ‘திருப்பி’ என்ற சொல்லையும் மட்டுமே கண்டார். ஓய்வூதியம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது என்று எண்ணி, கடிதத்தைப் பூசை அறையில் சாமி படத்தின் பின்னே வைத்துவிட்டு எவரிடமும் சொல்லாமல் இருந்தார். பால்காரரிடம் அரை லிட்டரைக் கால் லிட்டராகக் குறைத்துக்கொண்டார். நாற்பது நாள் கழித்து நான் ஊருக்குச் சென்றபோது, பால் அளவு குறைந்ததை வைத்தே செய்தியைக் கண்டுபிடித்தேன்.

நன்னூல் உரைகளில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். எந்த இணைப்பு இல்லை, யார் அதைத் தர வேண்டும், எந்நாளைக்குள் தர வேண்டும் என எதுவும் எனக்கும் விளங்கவில்லை. மறுநாள் நேரில் சென்று கேட்டேன். பிரிவு உதவியாளர் கோப்பைப் புரட்டி, “மாதிரிக் கையொப்பத் தாள் ஒன்றுதான் இல்லை அம்மா” என்றார். இனிமையாகவே சொன்னார். படிவத்தையும் அவரே எடுத்துத் தந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வாயால் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர், தாளில் ஏன் அப்படி எழுதினார்?

சொல் மாறியது, தொடர் மாறவில்லை

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் நிறைவேறியது. ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்த கோப்பைத் தமிழுக்குத் திருப்புவது எளிய செயலன்று. ஆட்சிச் சொல்லகராதி தொகுக்கப்பட்டது. துறைதோறும் சிறப்புச் சொல் துணையகராதிகள் வந்தன. நகராட்சி ஆணையராக இருந்த கீ. இராமலிங்கனார் போன்றோர் ஆட்சித் துறைத் தமிழுக்கென்றே உழைத்தனர். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் ஆட்சிமொழிப் பயிலரங்குகளையும் கருத்தரங்குகளையும் நடத்தி வருகிறது. இவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மை. ‘கோப்பு’, ‘வரைவு’, ‘நினைவூட்டு’, ‘குறிப்பாணை’ என்று இன்று அலுவலகத்தில் இயல்பாய் வழங்கும் சொற்கள் அவ்வுழைப்பின் பயன்.

ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. சொல் தமிழானது; தொடரின் எலும்புக்கூடு பழைய ஆங்கில அலுவலகக் கடிதத்தினுடையதாகவே நின்றது. அந்தக் கடிதத்தில் செய்பவன் பெயர் வராது. ‘பெறப்பட்டது’, ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘இயலாத நிலையில் உள்ளது’ என்று வினைகள் தாமே நிகழ்வதுபோல் நிகழும். எழுவாய் மறைந்த தொடரில் பொறுப்பும் மறைந்துவிடுகிறது. இந்த நடையை நமக்குத் தந்த ஆங்கிலேயரே தம் நாட்டில் அதைத் திருத்தத் தலைப்பட்டனர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அரசின் நிதித்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் எர்னெஸ்ட் கௌவர்ஸ் என்னும் மூத்த அலுவலர், அரசு ஊழியர்கள் எளிய சொற்களில் எழுதுவதற்கென்று ஒரு கையேடு எழுதினார். அது 1948இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 2010இல் எளிய எழுத்துக்கென ஒரு சட்டமே இயற்றினர். அவர்கள் கழற்றி எறிந்த சட்டையை நாம் தைத்துத் தைத்து அணிந்துகொண்டிருக்கிறோம்.

வினாவும் விடையும்

தாயாரின் கடித நிகழ்ச்சிக்குப் பின் ஒரு பயிலரங்கில் வகுப்பெடுக்க என்னை அழைத்தனர். மகிழ்ச்சியுடன் சென்று இரண்டு மணி நேரம் ஒற்றுப் பிழையைப் பற்றி வகுப்பெடுத்தேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் அனைத்தையும் கரும்பலகையில் எழுதினேன். முடிவில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண் அலுவலர் ஒருவர் எழுந்து, “அம்மா, ஒற்று எல்லாம் சரியாகப் போட்டுவிட்டால் மனு கொடுத்தவருக்குப் புரிந்துவிடுமா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. என் தாயாரின் கடிதத்தில் ஒரே ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒற்றுப் பிழை வேண்டா என்று நான் சொல்லவில்லை. அது இலக்கணத்தின் வாயிற்படி. வாயிற்படியிலேயே வகுப்பை முடித்துவிட்டேன் என்பதே என் குற்றம். இலக்கணத்தின் உள்ளே அலுவலகத்திற்கு வேண்டிய செல்வம் கிடக்கிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்கிறார். நன்னூலார் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேரே இறுக்கும் விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றி வந்து இறுக்கும் விடைகள்.

இப்போது ஓர் அலுவலகத்தின் முகப்பில் நின்று பாருங்கள். முதியவர் ஒருவர் வந்து, “என் மனு என்ன ஆயிற்று?” என்று கேட்கிறார்.

“பிரிவில் போய்க் கேளுங்கள்.” இஃது ஏவல் விடை.
“எப்போது கொடுத்தீர்கள்?” இது வினா எதிர் வினாதல்.
“அந்த எழுத்தர் விடுப்பில் போயிருக்கிறார்.” இஃது உற்றது உரைத்தல்.
“அடுத்த வாரம் தணிக்கை வருகிறது, ஒன்றும் ஓடாது.” இஃது உறுவது கூறல்.
“பட்டா மனுவாக இருந்தால் சொல்லிவிடலாம்.” இஃது இனமொழி.

நன்னூல் கூறும் ஐந்தும் ஒரே முகப்பில் கிடைத்துவிடுகின்றன. நேர் விடை மட்டும் கிடைப்பதில்லை! (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த முதியவர் சிரிக்க முடியாது. அவ்வைந்தையும் இலக்கணம் விடையாக ஏற்பதற்குக் காரணம் உண்டு. ‘இதைச் செய்வாயா?’ என்றால் ‘உடம்பு நோகும்’ என்கிறான்; செய்யமாட்டான் என்பது குறிப்பால் பெறப்படுகிறது. முகப்பில் கிடைக்கும் ஐந்திலிருந்து உடன்பாடும் பெறப்படுவதில்லை, மறுப்பும் பெறப்படுவதில்லை. பேருந்துக்கு இன்னொரு முறை பணம் தேடவேண்டும் என்பது ஒன்றே பெறப்படுகிறது.

மறுக்க நேரும்போதுகூட எப்படி மறுக்க வேண்டும் என்பதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு முறை வகுத்திருக்கிறது. மனுவை மறுக்கும் அலுவலர் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: மறுப்புக்குக் காரணம் என்ன, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம். ஒரு நல்ல அலுவலகக் கடிதத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் உண்டா? படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பணியிடத்துச் சொல்லின் வன்மை, கேட்டவர் அதைக்கொண்டு செயல்பட முடிகிறதா என்பதில் இருக்கிறது.

மறுக்கப்படவில்லை

மறு ஆண்டு அதே பயிலரங்கிற்கு மீண்டும் அழைத்தனர். இம்முறை கரும்பலகையை நம்பவில்லை. தாயாரின் கடிதத்தில் பெயரையும் அலுவலகத்தையும் மறைத்துப் படியெடுத்துச் சென்றேன். அது யாருடையது என்று சொல்லவில்லை. இருவர் இருவராக அமரச் செய்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்க வேண்டும், கேட்டவர் ‘நான் இப்போது செய்ய வேண்டியது என்ன?’ என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நாள்தோறும் அப்படி எழுதுபவர்களாலேயே முடியவில்லை. அறை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின் ஒருவர், “நானும் இப்படித்தான் எழுதுகிறேன். எனக்கு முன்பு அந்த இருக்கையில் இருந்தவர் இப்படித்தான் எழுதியிருந்தார். பழைய கோப்பைப் பார்த்து எழுது என்றுதான் எனக்குச் சொன்னார்கள்” என்றார்.

அலுவலர் கல்நெஞ்சர் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். இருபது ஆண்டுப் பணியில் ஒரு நாளேனும் ‘கடிதம் எழுதுவது எப்படி’ என்று ஒருவரும் சொல்லித் தராத ஒருவரைக் கல்நெஞ்சர் என்பது முறையாகாது.

பிறகு அக்கடிதத்தைத் திருத்தி எழுதச் சொன்னேன். மேசையில் இருபத்திரண்டு ஆண்டு கழித்த உதவியாளர் ஒருவர் எழுதியதைப் படிக்கிறேன்:

“அம்மா, வணக்கம். தங்கள் விண்ணப்பம் மறுக்கப்படவில்லை. அதில் மாதிரிக் கையொப்பத் தாள் மட்டும் இல்லை. அதற்கான படிவத்தை இத்துடன் வைத்துள்ளோம். அதில் மூன்று இடங்களில் கையொப்பமிட்டு, இம்மாத இறுதிக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். கிடைத்ததும் மேலலுவலகத்திற்கு எழுதுவோம். ஐயம் இருப்பின் நேரில் வந்து இரண்டாம் பிரிவில் கேட்கலாம்.”

நான் நன்னூல் சொல்லவில்லை. சுருங்கச் சொல்லலையும், விளங்க வைத்தலையும், முறையின் வைப்பையும் அவர் தாமே கண்டுகொண்டார். அதனினும் மேலாக, ‘மறுக்கப்படவில்லை’ என்ற அந்த இரண்டாம் தொடர். கடிதம் பெற்றவர் என்ன எண்ணி அஞ்சியிருப்பார் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. “இதை ஏன் முதலில் எழுதினீர்கள்?” என்று கேட்டேன். “திரும்பி வந்த தாளைப் பார்த்தால் யாருக்கும் முதலில் அந்தப் பயம்தானே வரும்?” என்றார். பொருட்பாலில் உள்ள குறிப்பறிதல் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதுதான். அந்தத் தாளைத் தாயாரிடம் காட்டினேன். இருமுறை படித்தார். “இவ்வளவுதானா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மேலே இருப்பவர்

ஆனால் அன்று அவ்வகுப்பு மகிழ்ச்சியோடு மட்டும் முடியவில்லை. திருத்தி எழுதிய அதே உதவியாளர், “இந்த வரைவை மேலே வைத்தால் கண்காணிப்பாளர் அடித்துவிடுவார் அம்மா. ‘இது கடிதமா, கதையா?’ என்பார்” என்றார். பலர் தலையசைத்தனர். கீழே இருப்பவர்க்கு மட்டும் பயிற்சி தந்தால் அது மேசையின் இழுப்பறைக்குள் போய்விடும் என்பதை அன்று கற்றேன்.

மேலிருப்பவரிடம் கீழிருப்பவர் சொல்வது செவியேறாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1977 மார்ச் 27ஆம் நாள், கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டனர். புறப்பட ஆயத்தமாக நின்ற டச்சு விமானத்திற்கு, மேலெழுந்தபின் செல்ல வேண்டிய வழியை மட்டுமே கட்டுப்பாட்டு அறை சொல்லியிருந்தது. மேலெழ அனுமதி தரவில்லை. விமானத்திலிருந்து சென்ற மறுமொழியோ, ‘புறப்படும் இடத்தில் நிற்கிறோம்’ என்றும் ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்றும் இரு பொருள் படுவதாக இருந்தது. விமானம் ஓடத் தொடங்கியபின், எதிரே இருந்த அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. கேட்கவும் செய்தார். அந்நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளுள் ஒருவரான தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாக விடையளித்தார். பொறியாளர் மீண்டும் கேட்கவில்லை.

கவிஞர்களே, இருபொருள் படப் பாடிய காளமேகத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். ஓடுபாதையில் சிலேடை உயிரைக் குடித்துவிட்டது. அவ்விபத்துக்குப் பின் ‘மேலெழுதல்’ என்பதற்கான சொல்லை, அனுமதி தரும்போதும் அதை விலக்கும்போதும் அன்றி வேறெப்போதும் சொல்லலாகாது என்று வானூர்தித் துறையில் விதி வகுத்தனர். ஒரே ஒரு சொல்லுக்கு இட்ட காவல் அது. அதோடு நிற்கவில்லை. 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து, விமானக் குழுவினர்க்கான புதிய பயிற்சி முறை ஒன்று வளர்ந்தது. இளையவர் தம் ஐயத்தைத் தயங்காமல் இரண்டாம் முறையும் சொல்லவும், மூத்தவர் அதைக் கேட்டு ஆராய்ந்து விடை சொல்லவும் அதில் பழக்குகின்றனர். மூத்தவரையும் இளையவரையும் ஒன்றாக அமர்த்தியே பழக்குகின்றனர். பின்னாளில் மருத்துவத் துறையும் இதைப் பின்பற்றியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, கத்தி வைக்கும் முன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி வாய் திறந்துவிட்டவர்க்கு ஐயத்தைச் சொல்ல வாய் மீண்டும் திறக்கும். அவையஞ்சாமை பிறவிக் குணம் அன்று, பழக்கினால் வருவது.

எத்தகைய பயிற்சி?

இன்று பேச்சுத் திறன் பயிற்சி என்ற பெயரில் விடுதி அரங்குகளில் நடப்பவற்றை நானும் பார்த்திருக்கிறேன். கைகுலுக்குவது எப்படி, எத்தனை பல் தெரியச் சிரிப்பது எப்படி என்பதில் காலை போய்விடுகிறது. ஆங்கிலத்தில் நான்கு தொடர் மனப்பாடம் செய்வதில் மாலை போய்விடுகிறது. அதனால் சிலர்க்குத் தன்னம்பிக்கை வருகிறது என்றால் நான் தடுக்கவில்லை. ஆனால் மனுதாரர்க்கு அதனால் விடை கிடைப்பதில்லை.

என் சிறிய பட்டறிவில் கண்டவை நான்கு. முதலாவது, பயிற்சிக்கு அவரவர் அலுவலகத்தின் மெய்யான கடிதங்களையே எடுக்க வேண்டும்; பாடநூல் கடிதம் பயன்படாது. இரண்டாவது, எழுதியதை மற்றொருவரிடம் படித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். நாம் சொன்னது இன்னதென்று கேட்டவர் வாயிலிருந்தே அறிய வேண்டும். மூன்றாவது, வரைவு எழுதுபவரும் அதைத் திருத்துபவரும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். நான்காவது, மூன்று திங்கள் கழித்து அவ்வகுப்பு மீண்டும் கூடி, என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வகுப்பெடுத்துச் சான்றிதழ் தந்து படம் எடுத்துக்கொண்டு போவது, நன்னூலார் சொன்ன ‘நின்று பயனின்மை’ என்னும் குற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.

நிறைவாக, வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு கூட்டங்களில் இரண்டை இதற்கென ஒதுக்குவோம். அலுவலகத்தில் பணிபுரியும் நம் உறுப்பினர்கள் பெயர் நீக்கிய மூன்று கடிதங்களைக் கொண்டுவரட்டும். சொல்லை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் உள்ள கவிஞர்கள் அவற்றைப் படித்து, எந்தச் சொல் வேலை செய்கிறது, எந்தச் சொல் சும்மா நிற்கிறது என்று சொல்லட்டும். நாம் அவர்களுக்குக் கற்றுத் தருவதாக எண்ண வேண்டா. ‘மறுக்கப்படவில்லை’ என்று முதலில் எழுதிய அந்த உதவியாளரிடம் நான்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கோ ஒரு வீட்டில், எட்டாம் வகுப்பு படித்த ஓர் அம்மா, நாளைத் தபாலில் வரும் ஓர் உறையைப் பிரிக்கப் போகிறார். அதில் இருக்கும் தமிழும் நம் தமிழ்தான். அதற்கும் நாம் பொறுப்பேற்போம்.